பாதி சீல்

"ஸ்டேப்ளர் பின் அடிச்சா போதும் சார், சீல் எதுக்கு?" என்றாள் நல்லதம்பியின் மகள் தமிழரசி.

அந்தமானின் மாயாபந்தர் ஊர் நோட்டரி அதைக் கேட்கவில்லை. நல்லதம்பியின் பென்ஷன் மனுவோடு கைநாட்டு அவருடையதுதான் என்று சான்று சொல்லும் தன் சர்டிபிகேட் தாளைச் சேர்த்து, இரண்டிலும் பாதிப் பாதி விழும்படி சீல் குத்தினார்.

"இது என்ன வித்தை சாப்?" நல்லதம்பி மகளைத் தவிர எவனையும் நம்பாத ஆள்.

"சர்டிபிகேட் தனித்தாள் பெரியவரே. யாராவது பிடுங்கி வேற பத்திரத்தோட சேர்த்துடுவாங்க."

"உங்களாட்டம் ஆபீஸ்காரன்தான் சேர்ப்பான்!"

"சரி, ஆதார் ஜெராக்ஸ் குடுங்க."

மகள் தடுப்பதற்குள், எழுத்து தெரியாத நல்லதம்பி அவள் பையிலிருந்த தாளை உருவி நீட்டினார்.

நோட்டரி படித்தார். "வீட்டை விக்க மகளுக்குப் பவர் குடுத்திருக்கீங்களா? கைநாட்டு இருக்கு. நோட்டரி சர்டிபிகேட் மட்டும்தான் இல்ல."

நல்லதம்பி கட்டைவிரலையே பார்த்தார். நேற்று ரேஷன் கார்டுக்கென்று அதில் மை தடவிவிட்டவள் தமிழரசிதான்.