முதல் வாக்கியம்

ஜாய்ஸ் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டதில் காளவாசல் சிக்னலில் வண்டிகள் நகரவே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

சுபலட்சுமி வாட்ச்மேன் அறையின் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. அழவில்லை. நாற்காலியைப் போட்டு எத்தனையோ தடவை உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

வகுப்பு ஆசிரியை மலையம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜாய்ஸை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில் பேசினார். படிப்பில் குறையே இல்லையாம். ஆனால் கடைசி பீரியட் வந்துவிட்டால் ஒரு எழுத்து எழுதுவதில்லை. ஜன்னல் வழியாக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு வயிறு வலிக்கிறது என்றாளாம்.

ஜாய்ஸ் தலையாட்டினாள்.

ஸ்கூட்டி பழங்காநத்தத்தைத் தாண்டும் முன்பே பின்னாலிருந்து கேள்வி வந்துவிட்டது. நாளைக்கு வருவீங்களாம்மா?

தினமும் கேட்பதுதான். தினமும் ஜாய்ஸ் வருவேன் என்பாள். அப்பா ஆன்சனிடமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வாள். அம்மா கண்டிப்பாக வருவாள் என்று அவரும் சொல்வார். மறுநாள் கடைசி பீரியடில் அந்த உறுதி இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

மழை வலுத்தது. ரோட்டோரம் இருந்த பேக்கரியில் ஒதுங்கினார்கள். சுபாவுக்கு ஒரு பன் பட்டர் ஜாமும் பாலும், ஜாய்ஸுக்கு இஞ்சி டீ. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் நெருங்கி உட்கார்ந்தால்தான் பேச முடிந்தது. அதற்காகவே சுபா நெருங்கி உட்கார்ந்தாள்.

ஜாய்ஸ் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறாள். அன்று காலை வகுப்பில், தர்க்கத்தில் இண்டக்டிவ், டிடக்டிவ் என்ற இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நான் ஏறிய டவுன் பஸ் எல்லாம் லேட்டாக வந்தது, அதனால் நாளைக்கும் லேட்டாகத்தான் வரும். இது முதல் வகை. எத்தனை பஸ்ஸைக் காட்டினாலும் நாளைய பஸ் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மதுரை தமிழ்நாட்டில் இருக்கிறது. பழங்காநத்தம் மதுரையில் இருக்கிறது. அப்படியானால் பழங்காநத்தம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. இது இரண்டாவது வகை. இதை யாராலும் அசைக்க முடியாது, முதல் வாக்கியம் சரியாக இருக்கும் வரைக்கும்.

டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஜாய்ஸுக்குப் பட்டது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது முதல் வகைதானே. நேற்று வந்தேன், அதற்கு முந்தின நாள் வந்தேன், அதனால் நாளைக்கும் வருவேன். அதில் இருக்கிற ஓட்டையைத்தான் சுபா தினமும் விரல் வைத்துக் காட்டுகிறாள். எம்.ஏ. வகுப்பில் இரண்டு பேருக்கு மேல் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். நினைத்ததும் ஜாய்ஸுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படியென்றால் இவளுக்குத் தேவை இரண்டாவது வகை. கடைசி பீரியடில் பிடித்துக்கொள்ள, ஆடாத ஒன்று.

சுபாவின் கன்னத்தில் இழுகியிருந்த ஜாமைத் துடைத்துவிட்டு, குனிந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லா அம்மாவும் பிள்ளையக் கூப்புட வந்துருவாங்க. நான் உன் அம்மா. அப்ப நான் வருவேனா, மாட்டேனா?"

சுபா மெல்லுவதை நிறுத்தினாள். புருவத்தைச் சுருக்கி, மழையைப் பார்த்தபடி யோசித்தாள். நன்றாக யோசிக்கட்டும் என்று ஜாய்ஸ் காத்திருந்தாள். இதில் எங்கும் ஓட்டை இல்லை.

"எல்லா அம்மாவும் வர மாட்டாங்கம்மா."

வருத்தமாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் டீச்சர் ஒரு எழுத்தைத் தவறவிட்டதை எழுந்து சொல்கிற மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

ஜாய்ஸும் ஆன்சனும் அவளைக் காப்பகத்திலிருந்து திருநகர் வீட்டுக்குக் கூட்டி வந்தது போன கோடையில்தான். அதற்கு முன்னால் ஒரு பெண் அவளை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, இரு கண்ணு, இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

டீ ஆறிப்போயிருந்தது.

அந்த அம்மாவுக்கு என்ன கஷ்டமோ என்று ஜாய்ஸ் ஆரம்பிக்கவில்லை. நான் அப்படிப்பட்ட அம்மா இல்லை என்றும் சொல்லவில்லை. சுபா சொன்னது சரி. ஒரு அம்மா வராமல் போனாலே போதும், அந்த வாக்கியம் நிற்காது. இனி மிச்சம் இருப்பது ஓட்டை உள்ள அந்த முதல் வகை மட்டும்தான், ஒவ்வொரு நாளாக வந்து காட்டுவது.

ஈரமாக இருந்த அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிடா. நாளைக்கு வாரேன். மறுநாளும் வாரேன். நீ பாத்துக்கிட்டே இரு. போதும், இனிமே நம்பலாம்னு உனக்கு எப்பத் தோணுதோ, அப்பச் சொல்லு."

சுபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் தெரியாமல் ஒத்துக்கொள்கிறவரை முன்கூட்டியே எச்சரித்துவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

"அதுக்கு ரொம்ப நாள் ஆகும்மா."

"ஆகட்டும்" என்றாள் ஜாய்ஸ்.