கதவைச் சாத்தாதவர்

“கதவைச் சாத்திக்கிட்டுக் குளிங்கப்பான்னு எத்தனை தடவை சொல்றது?”

என்ஜினீயர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கத்தினான். குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே இடுப்பில் துண்டோடு அவன் அப்பா சாவகாசமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஏழு மாத வயிற்றோடு மருமகள் படுக்கையறைக்குள் அடைந்து கிடந்தாள். மாமனார் குளித்து முடிக்கும்வரை அவள் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு வாரமாக இதே கூத்து.

“காத்து வரணும்டா. நீதான் ஜன்னலைப் பலகை வெச்சு அடைச்சுட்டியே!”

“அவளுக்குக் குளிர் தாங்கலை, அடைச்சேன். அதுல என்ன தப்பு?”

“அடுப்பு எரியுற இடத்துல காத்து வேணும்டா.”

“அது அடுப்பு இல்லை. தண்ணி சூடாக்குற கேஸ் ஹீட்டர்.”

“தீ எரியுதில்ல? அப்ப அடுப்புதான்.”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று என்ஜினீயருக்குத் தெரியவில்லை. அப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். நாற்பது வருஷம் வீடு வீடாகக் குழாய் மாட்டி மகனைப் படிக்க வைத்தார். அந்தப் படிப்புதான் இப்போது அவரிடமே வாய் பேசியது.

“இது புது மாடல். ஏதாவது ஆபத்துன்னா தானா நின்னுடும். புத்தகம் முழுக்கப் படிச்சுட்டுத்தான் மாட்டினேன். உங்களுக்கு அதெல்லாம் புரியாது, விடுங்க.”

“குளிச்சுட்டு வந்தா தலை சுத்துதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே, அது எதனாலன்னு நினைக்கிறே?”

“மாசமா இருந்தா தலை சுத்தத்தான் செய்யும்.”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “முன்னே ஒரு வீட்டுல இப்படித்தான் ஜன்னலை அடைச்சு வெச்சிருந்தாங்க. குளிக்கப் போன பொண்ணு வெளிய வரலை. கதவை உடைக்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. நல்ல கனமான கதவு. நான் அதை உடைச்சு முடிக்கிறதுக்குள்ள...”

“நிறுத்துங்கப்பா! பிள்ளைத்தாச்சி காதுபடப் பேசுற பேச்சா இது?”

காதில் பட்டுத்தான் விட்டது. படுக்கையறையிலிருந்து அழுகையும் ஆத்திரமுமாக மருமகளின் குரல் வந்தது.

“மாமா இங்கேயே இருக்கட்டும். நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். ஒரு நாளைக்காவது நிம்மதியா இருக்கணும் எனக்கு.”



இரண்டே நாளில் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தாகிவிட்டது. “பிரசவம் முடியுற வரைக்கும்தான்ப்பா” என்றான் என்ஜினீயர். அப்படிச் சொல்லும்போது அவனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் அப்பா முதல்முறையாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வர அரை மணி நேரமானது. இந்தப் புத்தி போன வாரமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று என்ஜினீயர் நொந்துகொண்டான்.

துணிப் பையையும் பழைய ஸ்பேனர் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா வாசலில் நின்றார்.

“அவ குளிக்கப் போனா நீ பக்கத்துலயே இரு. அடிக்கடி குரல் கொடுத்துக்கிட்டே இரு. அந்த ஜன்னலை மட்டும் திறந்து விட்டுடுப்பா.”

“சரிப்பா” என்று தலையை ஆட்டினான். அப்போதைக்கு ஆளை அனுப்பி வைத்தால் போதும் என்றிருந்தது. ஜன்னலை அவன் தொடவேயில்லை.

நான்காம் நாள் மருமகள் குளிக்கப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ஹீட்டர் குப்பென்று பற்றிக்கொண்டது. என்ஜினீயர் வெளியே உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தான்.

திடீரென்று உள்ளே பக்கெட் உருண்டது.

“என்னம்மா ஆச்சு?”

பதில் இல்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கதவைத் திற! காது கேக்குதா? கதவைத் திறம்மா!”

 அப்பா சொன்ன அந்தக் கனமான கதவு அவனுக்கு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தோளால் ஒரு இடி இடித்தான். தாழ்ப்பாள் சட்டென்று பிய்ந்துகொண்டு வர, உள்ளே அவள்மேலேயே விழப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்திருந்தார்கள்.

“விஷப் புகை” என்றார் டாக்டர். “இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா இவங்க இல்லை. வயித்துல இருக்கிற குழந்தையைப் பத்தி ரெண்டு நாள் போகாம எதுவும் சொல்ல முடியாது. ஆமா, ஜன்னலை அடைச்சுட்டு ஹீட்டர் போடக் கூடாதுன்னு புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்குமே, நீங்க படிக்கலையா?”

 அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வீட்டு அலமாரியில் கிடந்தது.

என்ஜினீயர் வராந்தாவுக்கு வந்து முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டான். அப்பாவின் குரல் கேட்டதும் அவனுக்குத் தேம்பல்தான் வந்தது.

“குளிக்கப் போனாளா?” என்று கேட்டார் அப்பா.

“ஆமாம்ப்பா.”

“உசிரு இருக்கா?”

“இருக்கு. குழந்தையைத்தான்... ரெண்டு நாள் ஆகணுமாம்.”

அப்பா கேட்டார்:

“கதவு ஒரே தள்ளுல திறந்துச்சில்லப்பா? தாழ்ப்பாளோட பெரிய ஸ்க்ரூ எல்லாம் என் பையிலதான் இருக்கு.”