பிடுங்கிய வயர்கள்

"என் வயரையெல்லாம் யார் பிடுங்கினது?"

டோர்க்கெல் போட்ட சத்தத்தில் உப்சாலா எலக்ட்ரானிக்ஸ் சங்கமே திரும்பிப் பார்த்தது.

"நான்தான்," என்றாள் குன்வோர், ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்த வேலையிலிருந்து கண் எடுக்காமல்.

குன்வோர் சங்கத்தின் செயலாளர். 'அடுத்தவர் வேலையில் கை வைக்காதே' என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியவளே அவள்தான். பக்கத்து மேஜையில் ஒரே ஒரு திருகாணியை முடுக்கிவிட்ட பாவத்துக்கு, போன மாதம் யான்டேயைக் கூட்டம் போட்டுக் கிழித்தாள்.

"சட்டமெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?" என்றான் யான்டே.

"ஒரே சிக்கு. பார்க்கவே எரிச்சலா இருந்துச்சு. முதல்லேருந்து மாட்டட்டும். வயரிங் படத்தைப் பார்த்து இல்ல, திரையில என்ன எழுதியிருக்குன்னு படிச்சு மாட்டட்டும்."

டோர்க்கெலுக்குக் காது வரை சிவந்தது. அவன் வீட்டில் பாதிப் படகு, பாதி அலமாரி, பாதிக் கடிகாரம் என்று எல்லாமே பாதியில் நிற்கும். மனைவி இங்கேலாவின் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் எவ்வளவு குளிர் என்று சமையலறையிலேயே காட்டும்படி, தீப்பெட்டி அளவில் ஒரு திரை செய்து தருவதாக இப்போது வாய் விட்டிருந்தான்.

"இதையாவது முடி. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை உன் கராஜ் மொத்தமும் குப்பைக்குப் போகுது," என்று சொன்ன இங்கேலா, அள்ளிப்போக ட்ரெய்லருக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

போன வாரம் திரையைக் குட்டி கண்ட்ரோலர் போர்டோடு இணைத்தான். பொட்டு வெளிச்சம் இல்லை. வெறுத்துப்போய் அப்படியே போட்டுவிட்டுப் போனான். இன்றைக்கு ஏதோ ரோஷத்தில் வந்தால், வரவேற்பு இப்படி.

"பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

"போ. பாதியில விட்டுட்டுப் போறது உனக்குக் கைவந்த கலையாச்சே," என்றாள் குன்வோர்.

சுருக்கென்று தைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

மொத்தம் நாலே வயர்கள்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையின் விளிம்பில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். படத்தில் ப்ளஸ் முதலில் இருந்தது. இதில் மைனஸ் முதலில். போன வாரம் இரண்டையும் மாற்றி மாட்டித் தொலைத்திருக்கிறான்.

சரியாக மாட்டினான். இன்னொரு முறை படித்துப் பார்த்தான். போர்டைக் கம்ப்யூட்டரில் செருகினான்.

சோதனைக்கு அவன் எழுதி வைத்திருந்த 'தக்காளி 21°' பளிச்சென்று எரிந்தது.

டோர்க்கெல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதை அவன் மறைக்கவும் இல்லை. உடனே போன் போட்டான்.

"இங்கேலா, ட்ரெய்லர் வேண்டாம்னு சொல்லிடு. ஆமா, முடிச்சிட்டேன். நானேதான்."

நடந்ததைக் கேட்டுவிட்டு யான்டே இலவங்கப்பட்டை ரொட்டித் தட்டை நீட்டினான். "ப்ளஸ்ஸும் மைனஸும் மாத்திக் கொடுத்தா ஒரு நிமிஷத்துல கருகிடும்ப்பா. உன் திரைக்கு ஆயுசு கெட்டி. எங்க, முழுத் திரையையும் எரியவிடு, எல்லாப் புள்ளியும் வேலை செய்யுதான்னு பார்ப்போம்."

எரியவிட்டான். வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே மங்கலாகச் சில எழுத்துகள் தெரிந்தன. ஒரே வார்த்தையை மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்த திரையில்தான் இந்த மாதிரித் தழும்பு விழும். அவன் வாங்கியதோ புத்தம் புதுத் திரை.

கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான்.

'குன்வோர் – தேன்கூடு 2.'

யான்டே எட்டிப் பார்ப்பதற்குள் அணைத்துவிட்டு, நேரே அவள் மேஜைக்குப் போனான்.

"அப்போ என்னோட திரை?"

"போன வாரமே கருகிடுச்சு," என்றாள் குன்வோர், தணிந்த குரலில். "சொல்லியிருந்தா இன்னிக்கு நீ வந்திருப்பியா?"