எத்தனை கிளாஸ்?

“அன்னிக்கு எத்தனை கிளாஸ் குடிச்சீங்க?”

மதுக்கூடத்தின் வக்கீல் கேட்டதும் கோர்ட்டில் இருந்த அத்தனை தலையும் சாட்சிக் கூண்டில் நின்றவளின் பக்கம் திரும்பியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன்காரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆறு மாதமாக அவனுடைய சலூனிலும் இதே பேச்சுதான். முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருக்கிற ஆள்கூட, “உன் தங்கச்சி பார்ல விழுந்துட்டாளாமே?” என்கிறார். கழுத்தில் கத்தி இருக்கும்போதே இப்படிக் கேட்கிறார்கள் என்றால், முதுகுக்குப் பின்னால் என்னென்ன பேசுவார்கள்!

நடந்தது இவ்வளவுதான். தையல் ஆலையில் கூட வேலை பார்த்த ஒருத்தி வேலையை விட்டுப் போகிறாள் என்று, பெண்கள் ஏழு பேர் அந்த மதுக்கூடத்தில் விருந்து வைத்தார்கள். கை கழுவும் இடம் கீழ்த்தளத்தில். இறங்குகிற படியில் விளக்கு இல்லை. நடுப்படியில் கல் பெயர்ந்து கிடந்தது. தங்கை உருண்டாள். முழங்கால் சில்லு இரண்டாகப் போயிற்று. நாளெல்லாம் நின்றபடி துணி வெட்டியவள், இப்போது கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“காதுல விழலையா? எத்தனை கிளாஸ்?”

“படியில விளக்கு எரிஞ்சுதான்னு கேளுங்க சார், சொல்றேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“சொல்ல வெட்கமா இருக்கோ?”

“வெட்கப்பட வேண்டியது நான் இல்லையே.”

அண்ணனுக்குக் காது சுட்டது. நேற்றுகூடக் கெஞ்சிப் பார்த்தான். “கேஸை வாபஸ் வாங்கிடும்மா. கால் போனது போச்சு, பேராவது மிஞ்சட்டும்.”

“கால் என்னோடது அண்ணா. பேரையும் நானே பார்த்துக்கறேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். “இதோ பாரும்மா, பதில் சொல்லலைன்னா நீ குடிச்சிருந்தேன்னுதான் நான் எடுத்துக்க வேண்டி வரும். பரவாயில்லையா?”

“தாராளமா எடுத்துக்கங்க ஐயா. ஆனா நான் ஒண்ணு கேட்கறேன். அது என்ன பால் கடையா? உள்ளே வர்றவங்க குடிப்பாங்க, குடிச்சா கால் தள்ளாடும்னு தெரிஞ்சுதானே கடை நடத்தறாங்க? அப்போ மத்த இடத்தைவிட அங்கதானே படி ஒழுங்கா இருக்கணும்? ஊத்திக் கொடுக்கறது அவங்க, விழுந்தா மட்டும் தப்பு எங்களோடதா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து மதுக்கூடத்தின் மேனேஜர் கூண்டில் ஏறினார். தங்கையின் வக்கீலம்மா நிதானமாகக் கேட்டார்: “படிக்கல் பெயர்ந்தது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அது... அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும் மேடம்.”

“பின்னே ஏன் சரி பண்ணலை?”

“அதுவரைக்கும் யாரும் விழலையே மேடம்.”

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வாதி குடித்திருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் கடையின் பொறுப்பு குறையாது; குடிப்பவர்கள் நடமாடும் இடம் என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும்; நஷ்டஈடு கொடுக்க வேண்டும்; படியைச் சரிசெய்யும்வரை கடையைத் திறக்கக் கூடாது.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணன் பொருமினான். “ஜெயிச்சுட்டே, சரி. ஆனா குடிகாரின்னு தீர்ப்புலயே எழுதி வாங்கிட்டியே! இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் கடையைத் திறப்பேன்?”

வக்கீலம்மா தன் ஃபைலுக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை உருவி அவனிடம் நீட்டினார். “இந்தாங்க. சலூன் கண்ணாடியில ஒட்டி வையுங்க.”

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை. அவள் விழுந்த அன்றைய தேதி. மது என்கிற இடத்துக்கு நேராக ‘இல்லை’ என்று இருந்தது.

“இதைத் தாக்கல் பண்ணியிருந்தா முதல் நாளே அந்த வக்கீல் வாயை அடைச்சிருக்கலாம். தலைகீழா நின்னு பார்த்துட்டேன், உங்க தங்கச்சி விடவே மாட்டேன்னுட்டாங்க.”

அவன் இரண்டு தடவை படித்தான். “அப்போ நீ குடிக்கவே இல்லையா?”

“எலுமிச்சை ஜூஸ். அதுவும் சர்க்கரை போடாம.”

“அடிப்பாவி! ஆறு மாசமா ஊர் வாயில விழுந்து எந்திரிக்கறோமே, இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சா என்ன?”

அவள் வராந்தாவின் கோடியைக் கண்ணால் காட்டினாள். அங்கே சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார். கை கால் எதிலும் அசைவில்லை. அவர் மனைவி குனிந்து அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் விழுந்த மறுவாரம் அதே படியில விழுந்தவர். ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்து வார்டு” என்றாள் தங்கை. “நான் குடிக்கலைன்னு சொல்லி ஜெயிச்சிருந்தா, தீர்ப்புலயும் அதைத்தான் காரணமா எழுதியிருப்பாங்க. அடுத்த கேஸ் அவரோடது அண்ணா. அவர் குடிச்சிருந்தார்.”