கபீர் கிடக்கும் இடம்

"கோப்பிய மூடி வை புள்ளே, வந்து குடிக்கிறேன்" என்று மனைவி ஜமீலாவிடம் சொல்லிவிட்டு, அண்ணன் அப்துல் கய்யூமோடு கடைத்தெருவுக்குக் கிளம்பினான் கபீர். ஜப்பான்காரன் இருவரையும் மறித்து லாரியில் ஏற்றினான். சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனான்.

சண்டை முடிந்து சொந்த ஊரான காஜா பெராங்குக்குத் திரும்பி வந்தது கய்யூம் மட்டும்தான்.

இப்போது மறுபடி வெள்ளைக்காரன் ஆட்சி. வீடு தேடி வந்த ரயில்வே துரை தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சயாம்ல பாத்தத ஒண்ணு விடாமச் சொல்லுங்க பாய். தொர இதுக்குன்னே வந்திருக்காரு" என்றார் கூட வந்த ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பொன்னையா.

கதவுக்குப் பின்னாலிருந்து ஜமீலாவின் குரல் வந்தது. "எடத்தச் சரியாச் சொல்லுங்க மச்சான். ஒரு தடவ போயி பாத்திஹா ஓதிட்டு வந்தாப் போதும் எனக்கு."

அவளுக்காகத்தான் கய்யூம் வாயைத் திறந்தான். புழு நெளிந்த சோறு. பாறை கிழித்து அழுகிய கால்கள். வாந்திபேதி கண்டவர்களை, மூச்சு அடங்காதவர்களையும் சேர்த்து, குழியில் தள்ளியது.

துரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பென்சில் அசையவில்லை.

"கபீரு இங்க ரெயில் லைன்ல வேல பாத்தவன். அங்க வேகன்ல வந்து எறங்குன தண்டவாளத்தத் தடவிப் பாத்துட்டு, 'கய்யூம் நானா, இது நம்மூரு ரெயிலு! இந்தத் தழும்பு என் சுத்தியல் பட்டது. நம்மளயும் புடுங்கிட்டு வந்தான், இதையும் புடுங்கிட்டு வந்துட்டான்'னு சிரிச்சான்."

பொன்னையா அதை இங்கிலீஷில் சொன்னதும் பென்சில் ஓடத் தொடங்கியது.

"அடுத்த வாரம் அவனுக்கே வாந்திபேதி. கபன் துணிக்கு எங்க போறது? அரிசிச் சாக்குல சுத்தி நாந்தான் அடக்குனேன். பெரிய பாலத்தத் தாண்டுனதும் மல வளையும். நம்மூரு தண்டவாளத்தப் போட்டது அங்கேருந்துதான். அவன் தலமாட்டுலயே போவுது."

துரை வரைபடத்தை விரித்தார். பாலத்தைக் காட்டினார். கய்யூமின் விரல் வளைவில் போய் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார்.

"குறிச்சிட்டாங்களா மச்சான்?"

"குறிச்சிட்டாங்கம்மா."

ஜமீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துரைக்குக் கோப்பி கலந்து அனுப்பினாள்.

"எப்ப எங்களக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேளுங்க" என்றான் கய்யூம்.

பொன்னையா கேட்டார். துரை கோப்பியைத் தொடாமல், வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஏதோ கேட்டார். பொன்னையாவின் முகம் கசந்தது. அவர் கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆளப் பத்தி இல்ல பாய். அந்தத் தண்டவாளம் இன்னும் அங்கதான கெடக்குதுன்னு கேக்குறாரு."