வட்டமா, ஆறு மூலையா?

"வட்டக் கூம்பா? என் பேரன் கையிலயா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றார் லோட்டார்.

லைப்சிக்கில் அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எதிரே, கொலோனிலிருந்து வந்திருந்த ரோஸ்வித்தா. லோட்டாரின் மகள் ஹென்ரிகே கேக் வெட்டினாள். ரோஸ்வித்தாவின் மகன் அன்ஸ்கார் வியர்வையைத் துடைத்தான். பெரியவர்கள் இருவரும் இன்று ஒத்துப்போகாவிட்டால் தன் வாழ்க்கை அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் போகும் முதல் நாள் பிள்ளை கையில் மிட்டாய் நிரப்பிக் கொடுக்கிற அட்டைக் கூம்புதான் விஷயம். மேற்கே, கொலோன் பக்கம், அது வட்டம். கிழக்கே, லைப்சிக் பக்கம், ஆறு மூலை. நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் இடிந்து இத்தனை வருடமாகியும் இதில் மட்டும் நாடு ஒன்றுசேரவில்லை.

"ஆறு பக்கம், ஆறு விளிம்பு. வச்சா வச்ச இடத்துல கிடக்கும் சம்பந்தியம்மா. உங்களுது உருண்டு ஓடிடும்."

"எங்க ஓடும்? கூர்முனையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு அங்கேயேதான் வந்து நிக்கும். உங்களுது விளிம்பு விளிம்பா கிழியும். எங்களுதுல கிழியறதுக்குப் பக்கவாட்டுல விளிம்பே இல்லையே."

கேக் பெட்டி அட்டையை வெட்டி இரண்டையும் செய்தே பார்த்துவிட்டார்கள். ஒரே உயரம், வாயும் ஒரே அகலம். ஆறு மூலைக் கூம்பு நிறையப் பாதாம் போட்டு, அதை வட்டக் கூம்பில் கொட்டினார் ரோஸ்வித்தா. இன்னும் ஒரு பிடி போட இடமிருந்தது.

"பாத்தீங்களா? உங்க மூலை பிள்ளை வாயில மண்ணைப் போடுது."

"ஒரு பிடி பாதாமுக்காக மானத்தை விடச் சொல்றீங்களா?"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். ரோஸ்வித்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அன்ஸ்கார், கிளம்பு. ரயிலுக்கு நேரமாச்சு."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மா, வாய்ப்பக்கம் வட்டமாவும் கீழ ஆறு மூலையாவும்..."

"கலப்படமா?" என்று இருவரும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள்.

"சரி, ரெண்டும் குடுத்துடலாம். ஒரு கையில வட்டம், இன்னொரு கையில ஆறு மூலை" என்றான் அன்ஸ்கார்.

லோட்டார் தாடையைச் சொறிந்தார். "பிள்ளைக்கு ரெண்டு கை இருக்கத்தான் செய்யுது" என்று மெல்லச் சொன்னார். ரோஸ்வித்தா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு துண்டு கேக் கேட்டார்.

அன்ஸ்காருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று ஹென்ரிகே முன்னால் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்தான்.

"ஹென்ரிகே, நாம சந்திச்சு மூணு மாசம்தான் ஆகுது. இருந்தாலும் கேக்கறேன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

"அது இருக்கட்டும்" என்றாள் ஹென்ரிகே. "வலது கையில எது?"