மூன்றாம் வாங்கு

கடைசல் மெசின் சுழன்றது. முதிரை மரச் சீவல்கள் பஸ்ரியாம்பிள்ளையின் நரைத்த மார்பெல்லாம் ஒட்டிக்கொண்டன.

"கிட்ட வந்து பாருமப்பா. நீர் இருந்த வாங்கெல்லே!" என்றார் மனைவியிடம்.

மேரிஜோசப்பின் தேநீரோடு கொட்டில் வாசலிலேயே நின்றாள்.

பஸ் ஓடி ஓய்வுபெற்ற மனுசனுக்கு இது புது விசர். பழைய தண்ணீர்ப் பம்பின் மோட்டரைக் கழற்றித் தானே மெசின் செய்தார். போனில் வீடியோ பார்த்துக் கடையப் பழகினார். பிழைத்துப்போன கட்டைகளில் ஒரு மாதம் குசினி அடுப்பு எரிந்தது.

இப்போது ஊர்காவற்றுறைக் கோயிலுக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள் வந்துவிட்டன. பழைய வாங்குகளை, அந்த நீட்டு மர இருக்கைகளை, பங்குச் சுவாமி கழித்துவிட்டார். ஒன்றின் தடித்த காலை அறுத்து வந்து கிண்ணம் கடைகிறார். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாவது கலியாண நாள். அதற்குப் பரிசாம்!

கடையக் கடைய மரம் மெழுகுதிரியும் சாம்பிராணியுமாக மணத்தது. அவளுக்கு ஒரு நொடி பத்தொன்பது வயதாகிப்போனது.

எந்த வாங்கு என்று கேட்கத் தேவையில்லை. அந்தக் கதை தெரியாத ஆள் தீவில் யார்? பெண்கள் பக்கம், மூன்றாம் வாங்கு, ஓரம். வலைத்துணி முக்காடு போட்ட ஒரு பிள்ளை. முகம் தெரியாது, வாங்கின் நுனியில் வைத்த இடது கை மட்டும் தெரியும். அந்தக் கையைப் பார்த்தே ஒரு வருடப் பூசை போயிற்று அவருக்கு. கடைசியில் தன் பெரியம்மாவைப் பெண் கேட்டு அனுப்பினார். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கதை மனப்பாடம்.

அந்தக் கை மேரிஜோசப்பினுடையது அல்ல.

தங்கச்சி பிலோமினாவுடையது.

மூத்தவள் வீட்டில் இருக்க இளையவளை எப்படிக் கொடுப்பது? பெரியம்மா யாரைக் கேட்டு வந்திருந்தாலும் அம்மா மூத்தவளைத்தான் காட்டியிருப்பாள். காட்டினாள். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே சாயல். முக்காட்டுக்குள் யார் கண்டது?

மேரிஜோசப்பின் கண்டாள். அழுகிற தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் கடைசி வாங்கில் இருந்தவள் அவள். ஆண்கள் பக்கம் இருந்த பஸ்ரியாம்பிள்ளையின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஞாயிறு தவறாமல் பார்த்து வயிறெரிந்தவள். எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஓம் என்றாள். அவ்வளவு ஆசை.

அவர் கதை சொல்லும்போதெல்லாம் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் இந்தக் கிண்ணம்? தங்கச்சியின் கையை அலுமாரியில் வைத்துத் தூசு தட்ட அவளால் ஏலாது.

"இஞ்சேருங்கோ, மெசினை நிப்பாட்டுங்கோ. மூண்டாம் வாங்கில இருந்தது நானில்லை. பிலோமினா."

மெசின் ஓய்ந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. வேண்டாத வேலை பார்த்துவிட்டேனே என்றிருந்தது.

"தெரியும். தாலி கட்டிப்போட்டுத் திரும்பினா, மூண்டாம் வாங்கில அதே கை! எனக்குத் தலை சுத்திப்போச்சு. பந்தியில வைச்சுப் பிலோமினாதான் சொன்னவ, 'அத்தான், அக்கா கடைசி வாங்கில இருந்து ஒரு வருசமா உங்களைத்தான் பாத்தவ' எண்டு."

மேரிஜோசப்பினுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பிறகேன் ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

"நீர் எப்ப வாய் திறப்பீர் எண்டு பாத்தனான்."

அவர் கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு மெசினைப் போடப் போனார்.

"சுவாமி மூண்டாவதைத்தான் எடுக்கச் சொன்னவர். நான் கடைசி வாங்கின்ர காலை அறுத்துக்கொண்டு வந்தனான்."